முதலில் நிழல், பிறகு துணி

கேள்வி இது: “அக்கா, எனக்கு வயது 19. கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறேன். டிசம்பரில் காமிக் ஃபியஸ்டா ரசிகர் விழாவுக்கு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீடியோ கேமில் வரும் சுன்-லீயின் உடையில் போக ஆசை. கையில் 300 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தைக்கத் தெரியாது. வீடியோ கேம் கதாபாத்திரங்களை வரைவேன், ஆனால் இன்னொருவர் வரைந்ததைப் பார்த்தால்தான் கை ஓடும். நான் நல்ல கறுப்பு. முகத்தை வெளுப்பாக்கிக்கொள்ள வேண்டுமா? ‘உனக்கு அதே கேமில் வரும் இந்தியன் தல்சிம்தான் பொருந்தும்’ என்று கல்லூரியில் சிரிக்கிறார்கள். அம்மாவோ ‘இந்த வயதில் மாறுவேடப் போட்டியா’ என்கிறார். எங்கே தொடங்குவது?”

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் தையற்கடை வைத்திருந்தவர். நான் கோலாலம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வெளிநாட்டு வீடியோ கேம்களில் வரும் ஆட்களுக்குக் கணினியில் உடை செய்கிறேன். இப்படிக் கதாபாத்திரங்களாக உடுத்திக்கொள்ளும் காஸ்பிளே என்னைப் பதினேழு வயதில் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. அதனால் பதில் நீளும்.

முகத்தை முதலில் முடித்துவிடலாம். வெளுப்பாக்காதே. வெள்ளைப் பூச்சு தாடையோடு நின்றுவிடும். காது ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அரங்கத்து விளக்கில் அரிசிமாவுப் பானைக்குள் முகத்தை விட்டு எடுத்தவள் போலத் தெரிவாய். இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் வழியவும் தொடங்கும். உன் நிறத்துக்கு ஒத்த பூச்சு, கண்ணுக்குச் சற்று அழுத்தமாக மை, அது போதும். தோலின் நிறத்தை வைத்து யாரும் சுன்-லீயை அடையாளம் காண்பதில்லை. கூட்டத்தில் முப்பது அடி தள்ளி நிற்கும் ஒருவன் உன்னைப் பார்த்து “சுன்-லீ!” என்று கத்துவான் என்றால், அவன் கண்ணில் பட்டது இரண்டு கொண்டையும் புடைத்த தோளும்தான். முகம் அந்தத் தூரத்தில் அவனுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் தொழில் நிற்பதே இதன்மேல்தான். 1981இல் வந்த டாங்கி காங் விளையாட்டுக்கு மாரியோவை உருவாக்கியபோது ஷிகேரு மியாமோட்டோவுக்குக் கிடைத்தவை திரையில் கொஞ்சம் சின்னக் கட்டங்கள் (பிக்சல்), கொஞ்சம் நிறங்கள். முடியை வரைய இடம் போதவில்லை, தொப்பி வைத்தார். வாயை வரைந்தால் தெரியாது, மூக்கு எடுப்பாகத் தெரியும்படி மீசை வைத்தார். ஓடும்போது கை வீசுவது உடம்போடு கலந்துவிடக் கூடாது என்று சட்டைக்கு ஒரு நிறம், வார் வைத்த கால்சட்டைக்கு இன்னொரு நிறம். உலகமே அறிந்த அந்த உடையை வடிவமைத்தது இடப் பற்றாக்குறை. கணினிகள் வளர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் ஒன்பது வகை வீரர்கள். ஒவ்வொருவரையும் வெறும் கறுப்பு நிழலாகப் பார்த்தாலும் யார் என்று தெரிய வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததாக, உருவாக்கியவர்களே விளக்கியிருக்கிறார்கள். சுடலாமா ஓடலாமா என்று ஆடுபவர் அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும்; சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது சுன்-லீயிடம் வருவோம். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது தேர்ந்தெடுக்கக் கிடைத்த எட்டுப் பேரில் ஒரே பெண் அவள். வரைந்தவர் கேப்காம் நிறுவனத்தின் அகிரா யசுதா. உடை நம் ஊர்ச் சீனப் பெண்கள் புத்தாண்டுக்குப் போடும் சியோங்சாம் என்ற அங்கிதான். ஆனால் அவர் அதைச் சண்டைக்கு ஏற்றபடி மாற்றினார். உதைதான் அவள் ஆயுதம் என்பதால் இரு பக்கமும் இடுப்புவரை பிளவு. தலையில் வெள்ளை உறை போட்ட இரண்டு கொண்டைகள். தோளில் பஃப் கை. மணிக்கட்டில் முள் வைத்த தடித்த காப்பு. காலில் முழங்காலை நோக்கி ஏறும் வெள்ளைப் பூட்ஸ். உதை எங்கே விழுகிறது என்று பளிச்சென்று காட்டுவது அந்த வெள்ளைதான். கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் படத்தைப் பார். மங்கலாகத் தெரியும்போதும் நிற்பவை எவையோ அவற்றில் பணத்தைப் போடு. மார்பில் ஓடும் தங்கப் பூ வேலைப்பாடு கண்ணை இடுக்கினால் காணாமல் போகிறது. அதற்கு 20 வெள்ளிக்கு மேல் செலவழிக்காதே.

அதே நீலம் கிடைக்கவில்லை என்று கடை கடையாக அலையவும் வேண்டாம். 1992இல் வந்த சாம்பியன் எடிஷனில் இரண்டு பேர் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்து மோதலாம்; யார் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக இரண்டாவது ஆளுக்கு வேறு நிறம் கொடுத்தார்கள். உடையின் நிறத்தை மாற்றினாலும் சுன்-லீ சுன்-லீதான் என்பதற்கு அவளைப் படைத்தவர்களே சாட்சி.

தல்சிம் விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜப்பானிய ஓவியர்கள் தூரத்திலிருந்து கற்பனை செய்த இந்தியன் அவன்: ரப்பர் போல நீளும் கை, வாயிலிருந்து நெருப்பு, கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. அந்த ஓடுகள் அவன் ஊரில் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளுடையவை என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் மரியாதை வரும். ஆடுவதற்கு எனக்கு மிகவும் பிடித்தவன். ஆனால் தமிழ்ப் பிள்ளை என்றால் தல்சிம் வேடம்தான் என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்: அதே விளையாட்டின் ஜப்பானிய வீரன் ரியூவாக வேடம் போடும் நம் ஊர் மலாய்ப் பையன்கள் எல்லாரும் ஜப்பானியர்களா? நம் சாயல் உள்ளவர்களாகவே வேண்டும் என்று என்றாவது தோன்றினால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ராஜி விளையாட்டின் சர்க்கஸ் பெண் ராஜி. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா விளையாட்டின் நாயகி வெண்பா. கனடாவுக்குக் குடியேறி, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி ஊற்றும் தமிழ்ப் பெண். அதில் இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர். நான் ஒரே தடவையில் தீர்த்தேன், என் சீனத் தோழி திணறியதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். மொபைல் லெஜெண்ட்ஸில் வரும் கட்டோட்காச்சா வேறு யாருமில்லை, பீமனின் மகன் கடோற்கசன். நம் பாரதம் ஜாவாவின் பாவைக்கூத்து வழியாகச் சுற்றிக்கொண்டு கைத்தொலைபேசிக்கு வந்திருக்கிறது. இவர்களெல்லாம் அடுத்த ஆண்டுக்கு. உனக்கு இந்த ஆண்டு ஆசை சுன்-லீமேல், அவளையே செய்.

தையல். சியோங்சாம் ஒன்றை ஆயத்தமாக வாங்கி வெட்டலாம் என்று தோன்றும், வேண்டாம். அது இடுப்பில் ஒட்டி, தொடையில் குறுகும். பிளவை மேலே ஏற்றினால் துணி உடம்பை விட்டு விலகாமல் சுருட்டிக்கொள்ளும். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்கோ அதை ஒட்டிய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்கோ போய் மூன்று மீட்டர் வாங்கு. பளபளக்கும் சாட்டினைத் தொடாதே. புகைப்படத்தில் ஒவ்வொரு சுருக்கமும் கத்தும், முதல் தடவை தைப்பவர்களுக்கு ஊசியடியில் வழுக்கும். சற்றுக் கனமான பருத்திக் கலப்புத் துணி, கடைக்காரரிடம் பள்ளிச் சீருடைக்கு எடுப்பது போன்றது என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார். அதோடு மலிவான காடாத்துணி மூன்று மீட்டர். முதலில் காடாத்துணியில் வெட்டு. அதில் செய்யும் தவறுகளை நீலத் துணியில் செய்ய மாட்டாய். அப்பா நாற்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் புது வடிவம் என்றால் காடாத்துணியில் ஒன்று வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியில் கத்தரி வைப்பார்.

தைக்கத் தெரியாது என்றாய். உன் வட்டாரத்தில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். பஃப் கை அவருக்குத் தூக்கத்திலும் வரும். படத்தைக் காட்டி “இதைத் தைத்துக் கொடுங்கள்” என்று சொல்லாதே, மிரண்டுவிடுவார். “பஃப் கை, உள்ளே கேன்வாஸ், காலர் நேரு காலர் மாதிரி, ஓரமெல்லாம் மஞ்சள் பைப்பிங், இரண்டு பக்கமும் இடுப்புவரை திறப்பு” என்று அவருடைய மொழியில் சொல். தீபாவளி நெருக்கத்தில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், செப்டம்பரில் போ. ஓரம் மடித்து அடிப்பது, கொக்கி வைப்பது போன்ற சில்லறை வேலையை நீ வைத்துக்கொண்டால் கூலியும் குறையும், கையும் பழகும்.

பிளவு தொடங்கும் முனைதான் முதலில் கிழியும் இடம். நான் முதல் சுன்-லீயைச் செய்தபோது அப்பா படத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இவள் யார், எந்த ஊர் என்றெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இவ்வளவு உயரத்தில் பிளந்தால் முதல் உதையிலேயே தையல் வாயைப் பிளக்கும்” என்றார். உள்பக்கம் ரூபாய் நாணயம் அளவு துணித்துண்டு ஒன்றை வைத்து, முனையில் மூன்று தடவை ஓட்டிக் கொடுத்தார். அந்த உடை இன்றும் என் அலமாரியில் கிழியாமல் இருக்கிறது. என்னால்தான் அதற்குள் புக முடிவதில்லை.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உனக்கு உபயோகப்படும். இப்போது வரும் கேம்களின் உடைகளில் பெரும்பகுதியை மார்வலஸ் டிசைனர் போன்ற மென்பொருளில் செய்கிறோம். அதில் தையற்காரர் போலவேதான் வேலை: முன்துண்டு, பின்துண்டு, கை, காலர் என்று தட்டையாக வரைந்து வெட்ட வேண்டும், எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று குறித்தால், மென்பொருள் அவற்றை உடம்பின்மேல் சேர்த்துத் தைத்துத் தொங்கவிடும். துணி பட்டா, ஜீன்ஸா என்பதை எண்களால் சொல்லலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என்னோடு இருந்தவர்கள் அக்குள் வளைவில் தடுமாறினார்கள். அப்பாவின் கடையில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பழகிய கை எனக்கு உதவியது. இப்படிச் செய்த உடை விளையாட்டில் அப்படியே ஓடாது, மிகக் கனம். ஆகவே எளிய வடிவம் ஒன்றைச் செய்து, மடிப்புகளின் மேடுபள்ளத்தை ஒரு படமாகப் பதிவுசெய்து அதன்மேல் ஒட்டிவிடுவோம். அதாவது, திரையில் நீ பார்க்கும் சுருக்கங்களில் பாதி வெளிச்சத்தால் செய்த ஏமாற்று வேலை. அவற்றைத் துணியில் கொண்டுவர முயலாதே.

இன்னொன்று: நாங்கள் ஜிப் வைப்பதில்லை. கழற்றவே தேவையில்லாத உடைகள் அவை. சுன்-லீ கழிவறைக்குப் போவதில்லை, நீ போவாய். மேலாடையையும் கீழே காலுக்குப் போடுவதையும் தனித்தனியாக வை, இடுப்பு வெள்ளைப் பட்டைக்கு ஒட்டும் பட்டை வைத்துவிடு. இதை யோசிக்காமல் ஒரே துண்டாகத் தைத்துவிட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி உட்கார்ந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புக்கும் முள்ளுக்கும் ஈவா ஃபோம். குழந்தைகள் விளையாடும் அறையில் தரைக்குப் போடுகிற ஃபோம் விரிப்புத்தான். மிஸ்டர் டிஐஒய் கடையில் கிடைக்கும். கூர்மையான கத்தி, வெட்டிய பிறகு ஹீட் கன் என்ற சூடான காற்று ஊதும் கருவியால் மேலோட்டமாகச் சூடு காட்டினால் துளைகள் மூடி மழமழப்பாகும், சூட்டோடு வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை: இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்து. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். அந்த நெடி தலைக்கு ஏறும். சூட்டுப் பசைத் துப்பாக்கி எளிதாயிற்றே என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு முறை தோள் கவசம் ஒன்றை அதில் ஒட்டி, நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கவசம் தாமரை போல இதழ் இதழாக விரிந்து கிடந்தது. இந்த ஊர் வெயிலுக்குச் சூட்டுப் பசை சரிப்படாது.

கொண்டைக்கு உன் முடியே போதும், விக்குக்குச் செலவழிக்காதே. ஆனால் முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதே, வெள்ளை உறையில் கறை ஏறிவிடும். பூட்ஸ் வாங்கப் போனால் பட்ஜெட் முழுவதும் அதிலேயே போய்விடும். பழைய கேன்வாஸ் காலணிமேல் நீட்டக்கூடிய வெள்ளைத் துணியில் உறை தைத்து மாட்டு.

வரைவதைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். பார்த்து வரைவது குற்றமில்லை. பிரச்சினை, நீ பார்ப்பது இன்னொருவர் முடித்துவிட்ட படத்தை. அவர் எதை விட்டார், எதைக் கூட்டினார் என்பது அதில் தெரியாது. பழைய வீடியோ கேம் படங்களிலிருந்து தொடங்கு என்பேன். 1985இல் வந்த சூப்பர் மாரியோவின் சின்ன மாரியோ 16க்கு 16 கட்டத்துக்குள் அடங்குகிறவன். அவனுக்குக் கிடைத்தவை மூன்றே நிறங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், மூன்று வண்ணப் பென்சிலில், சுன்-லீயை 16க்கு 16இல் வரைந்து பார். எந்தக் கட்டத்தை இழந்தால் அவள் சுன்-லீ இல்லாமல் போகிறாள் என்று அப்போதுதான் பிடிபடும். இதைக் கோலத்தோடு ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒப்புதலில்லை. கோலம் புள்ளியைச் சுற்றி வளையும் கோடு, இது கட்டத்தை நிரப்பும் வேலை. அம்மாக்கள் போடும் கிராஸ் ஸ்டிச்தான் இதற்கு உண்மையான சொந்தக்காரி.

அதற்கு நேர் எதிரான பாடம் யோஷிதகா அமானோவின் ஓவியங்கள். 1987இல் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி விளையாட்டுத் தொடருக்கு அவர் வரைந்தவை காற்றில் கரையும் மைக்கோடுகள், பறக்கும் முடி. திரையில் அதே ஆள் விரல் நகம் அளவுப் பொம்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இரு. இடையில் இருக்கும் அந்தப் பெரிய காலி இடத்தில்தான் ரசிகர் ஓவியம் என்ற ஒன்று பிறக்கிறது. நீயும் அங்கேதான் வரையப் போகிறாய். துணி மடிப்புக்கு வீட்டிலேயே ஆசிரியர் உண்டு. அம்மா சேலை கட்டும்போது கொசுவம் எங்கிருந்து விரிகிறது, முந்தானை தோளில் எந்த இடத்தில் இழுபடுகிறது என்று பார்த்து வரை. மடிப்பு எப்போதும் இழுபடும் புள்ளியிலிருந்து கிளம்பும். இது தெரியாமல் வரைந்த துணி நூடுல்ஸ் போல இருக்கும். என் பழைய நோட்டுகள் நிறைய அந்த நூடுல்ஸ்தான்.

இதெல்லாம் சோறு போடுமா என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஓர் உதாரணம் வைத்துக்கொள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கு ஓவியராக வேலை செய்த டைம் ஜியாவுதீன் மலேசியர். அவரும், ஃபைனல் ஃபேன்டஸி 15இல் பணியாற்றிய வான் ஹஸ்மரும் ஊர் திரும்பி மெட்ரோனோமிக் ஸ்டுடியோவைத் தொடங்கி, 2020இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற சொந்த விளையாட்டை வெளியிட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3ஐச் செய்த லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் கிளை இருக்கிறது. நாற்காலிகள் இருக்கின்றன, எளிதில் காலியாவதில்லை.

படங்களை விற்பது பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பாய். கதாபாத்திரம் நிறுவனத்தின் சொத்து. சில நிறுவனங்கள் ரசிகர்கள் சிறிய அளவில் செய்து விற்க விதிமுறை வெளியிட்டு அனுமதிக்கின்றன. கென்ஷின் இம்பாக்ட்டின் ஹோயோவெர்ஸ் அப்படி. நின்டெண்டோ போன்றவை கறார். எதை வரைகிறாயோ அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு அச்சுக்குக் கொடு. முதல் ஆண்டு விற்காதே, சும்மா சுற்றிப் பார்.

அம்மா. மாறுவேடப் போட்டி என்று அவர் சொல்வது பிளவைப் பார்த்த பயத்தில் என்று நினைக்கிறேன். விளையாட்டிலேயே சுன்-லீ காலை முழுதும் மூடும் பழுப்பு நிற இறுக்கக் காலுறை போட்டிருக்கிறாள் என்று படத்தைக் காட்டு. தடிமனானதாக வாங்கு, அவரையே கூட்டிப்போய் வாங்கு. பைப்பிங் வைக்கும்போது “இது நேராக வருகிறதா பாருங்கள் அம்மா” என்று ஒரு தடவை கேள். தையல் தெரிந்த எந்தத் தமிழ்த் தாயும் கோணலான பைப்பிங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றைய நாளுக்கு: காமிக் ஃபியஸ்டா 2002இல் தொடங்கியது, வழக்கமாக நடப்பது கேஎல்சிசி மாநாட்டு மையத்தில். செந்தூலில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி கேஎல்சிசியில் இறங்கு. ரயிலில் வெறித்துப் பார்ப்பார்கள். மேலே ஒரு நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அங்கே கழற்று. டிசம்பர் மழைக்குக் குடையும், வெள்ளைப் பூட்ஸ் உறைக்குப் பிளாஸ்டிக் பையும் வேண்டும். பையில் பத்து ஊக்கு, நீல நூல் கோத்த ஊசி, இரட்டை ஒட்டு நாடா. உன் முள் காப்பு ஃபோம் என்பதால் வாசல் சோதனையில் சிக்கல் வராது. கூட வரும் தோழர்களிடம் உலோகக் கத்தியோ நிஜம் போன்ற துப்பாக்கியோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவை, போலித் துப்பாக்கி வைத்திருப்பதே இந்த நாட்டுச் சட்டத்தில் சிக்கல். படம் எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு எடுப்பவர்களுக்கு நில். கேட்காமல் தோளில் கை போடுகிறவனிடம் “கையை எடுங்கள்” என்று உரக்கச் சொல். சுற்றி இருப்பவர்கள் உன் பக்கம் வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

காடாத்துணி மாதிரி முடிந்ததும், கொண்டைக்கு இரண்டு துணிப்பந்தைக் கட்டிக்கொண்டு, இரவில் ஒரு விளக்கைப் பின்னால் வைத்து, சுவரில் விழும் நிழலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தோள் போதுமா, காப்பு இன்னும் பெருக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். நீலத் துணியில் அதுவரை கத்தரி வைக்காதே.